வெளியேறும் சக்கரம்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, நெருங்கி உட்காருங்கள். உலகத்திலேயே அன்பு மிகுந்த அலுவலகத்தின் கதையைச் சொல்கிறேன். பெற்ற தாய்கூட சாப்பாட்டு நேரத்தில்தான் பிள்ளையைத் தேடுவாள். கைபேசியில் சூதாட்டம் நடத்தும் அந்த நிறுவனமோ, தூங்காமல் கொள்ளாமல் தேடியது. அதற்கென்றே 'வாடிக்கையாளர் நலப் பிரிவு' வைத்திருந்தது.

அங்கேதான் தையல்காரி ஒருத்தி தன் தம்பியோடு வந்திருந்தாள். தம்பி லாரிப் பட்டறையில் வெல்டர். "நாளைக்குச் சம்பளம்க்கா. இன்னைக்கே கணக்கை மூடிடணும். தனியாப் போனா மனசு மாறிடும், நீயும் வா" என்று அவனேதான் கூப்பிட்டான். அவன் வாய்விட்டுக் கேட்டதிலேயே அவளுக்குப் போன உயிர் பாதி திரும்பியிருந்தது.

நல அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். மெத்தை நாற்காலி, குளிர்ந்த தண்ணீர், சுவரில் 'பொறுப்போடு ஆடுவோம்'.

"தம்பி நாலஞ்சு நாளா ஆட வரலையே, உடம்புக்கு என்னமோன்னு பதறிட்டோம். மெசேஜ் மேல மெசேஜ் அனுப்பினோம்."

"உடம்பு நல்லாத்தான் சார் இருக்கு. கணக்கை மூடணும்" என்றாள் அக்கா.

"தாராளமா. அது உங்க 'உரிமை'." அதிகாரி கணினித் திரையைத் திருப்பினார். வண்ண வண்ணமாக ஒரு சக்கரம். "இளைஞர்களுக்கு ஃபாரம் நிரப்பப் பிடிக்காது. அதனால விலகுறதையும் சுவாரசியமா ஆக்கிட்டோம். முள்ளு 'விடைபெறுக'ல நின்னா, உடனே கணக்கு மூடிரும்."

தம்பி சுற்றினான். முள் 'விடைபெறுக'வைத் தொட்டுவிட்டு, ஒரு கட்டம் தள்ளி 'மீண்டும் முயல்க'வில் நின்றது.

அவன் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டான். "அக்கா, மயிரிழைல போச்சு. இன்னொரு வாட்டி."

கண்ணில் அதே பழைய பளபளப்பு. அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"சேரும்போது இவன் எந்தச் சக்கரத்தைச் சுத்தினான் சார்?"

"சேர்றதுக்கு எதுக்கும்மா சக்கரம்? கதவு எப்பவும் திறந்தே இருக்கு."

அவள் தம்பியின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "டேய், உங்க முதலாளிக்குப் போன் போடு."

அவன் சக்கரத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். எண்ணை அழுத்தி அவளிடம் நீட்டினான். "நீயே பேசுக்கா."

"அண்ணே, நாளைக்கு இவன் சம்பளத்தை பேங்க்ல போடாதீங்க. நான் வந்து கையில வாங்கிக்கறேன். ஆமாண்ணே, இவன் சம்மதத்தோடதான்."

அதிகாரியின் முகம் முதன்முறையாக வாடியது. "வளர்ந்த பையன் சம்பளத்துல கை வைக்கிறீங்களேம்மா. அநியாயம் இல்லையா?"

"அநியாயம்தான் சார். உங்க கைக்கு வர வேண்டியதாச்சே."

அவள் கைபேசியைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தாள்; இருவரும் எழுந்து நடந்தார்கள். அந்தப் பிரிவு கடமை தவறியதே இல்லை. அவர்கள் படியிறங்குமுன் தம்பியின் கைபேசிக்கு ஓர் 'இலவச ஆட்டம்' வந்து சேர்ந்தது. அவன் திறந்து பார்க்காமல் கைபேசியையே அக்காவிடம் கொடுத்தான்.

உங்கள் வீடு நிறைந்து விளங்கட்டும் கண்ணுகளா. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். சம்பள நாள் பார்த்துப் பாசம் காட்டும் மகராசன் எவனும் உங்கள் வாசலை மிதிக்காதிருக்கட்டும்.