நெகிஷியின் இடுப்பில் மூன்றாவது பை

நோடா
நவம்பர் 18

பெருமதிப்பிற்குரிய ரியோசகு அண்ணா அவர்களின் திருமுன்,

தம்பி தெய்ஜி நெற்றி பாயில் படக் குனிந்து எழுதிக்கொள்வது.

உங்கள் ஊர் மலையில் முதல் பனி விழுந்ததை நேற்றுத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எழுபத்தொரு வயதில் கூரை ஏறிப் பனி தள்ளும் வீரத்தை இந்த வருடமாவது பக்கத்து வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுக்கும்படி முதற்கண் கேட்டுக்கொள்கிறேன். இங்கே பனியும் இல்லை, மழையும் இல்லை. காய்ந்த காற்றில் சோயா ஆலை வாசனைதான் வீடு முழுக்க. என் வீட்டுக்காரி சுமியே கணப்பு மேசையை எடுத்துப் போட்டுவிட்டாள். அதன் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அண்ணி அனுப்பிய முள்ளங்கி ஊறுகாய் வந்து சேர்ந்தது, பாதி தீர்ந்தும் விட்டது. அவருக்கு என் நன்றியைத் தனியாகச் சொல்லவும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் முன்னோர் வழிபாட்டுக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறக்கவில்லை. "முப்பத்தோரு வயசுல பொம்மைத் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடறவனுக்காடா நம்ம சிகுசாவைக் குடுக்கப் போற? நீ நேர்ல போயி ஒரு நாள் பூரா பாரு. என்னென்ன குறைன்னு எழுது. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். குடும்பத்துக்குப் பெரியவர் நீங்கள். வசந்தத்தில் வைக்க நினைத்திருக்கும் கல்யாண விருந்துக்கு நீங்கள் வராவிட்டால் நம் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை வராது. இது எனக்கும் தெரியும், என் மகளுக்கும் தெரியும். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பெரியப்பா வந்து முன்னாடி உக்காரணும்பா. வேற எதுவும் வேண்டாம்." ஆகவே அவள் வாழ்க்கையே இந்தக் கடிதத்தில்தான் தொங்குகிறது என்ற பயத்தோடு, ஒரு பொய்கூடக் கலக்காமல் எழுதுகிறேன்.

ஆளின் பெயர் நெகிஷி. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. முதல் குறை, அவன் என்னை 'அப்பா' என்று கூப்பிடுகிறான். செப்டம்பர் கடைசி வரை 'இசோகாய் ஐயா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், திடீரென்று 'அப்பா' ஆகிவிட்டது. இன்னும் பேச்சே முடியவில்லை, யார் கொடுத்த உரிமை? கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பேன், சுமியே தேநீரை நீட்டிவிடுவாள்.

வெறுங்கையோடு போனால் உளவு பார்க்க வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிடுமே என்று நானும் ஒன்று வாங்கினேன். பயப்படாதீர்கள். ஏர்சாஃப்ட் என்பார்கள், பேட்டரியில் ஓடுவது, பட்டாணியைவிடச் சின்ன பிளாஸ்டிக் உருண்டையைத்தான் துப்பும், பட்டால் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். வாங்கிய அன்றே கொல்லையில் சுட்டுப் பார்த்தேன். உள்ளே பல்சக்கரம் கீச்சென்று கத்தியது. நாற்பது வருடம் தையல் மிஷின் பழுது பார்த்தவனின் காது அண்ணா இது. புது மிஷின் கத்தினால் எனக்குச் சோறு இறங்குமா? மறுநாள் காலையிலேயே சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து அதைப் பிரித்துவிட்டேன்.

பிரித்தேன் என்பது கொஞ்சம் கூட்டிச் சொல்வது. கடைசித் திருகைக் கழற்றியதும் உள்ளே அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங் டொய்ங் என்று கிளம்பி, விளக்கில் முட்டி, அங்கிருந்து திரும்பி, நீங்கள் பிரதி எடுத்துக் கொடுத்த நம் அப்பாவின் படத்தில் போய் விழுந்தது. நெற்றிக்கு நேராக விரிசல். போனில் நிலநடுக்கம் என்று சொன்னேன் அல்லவா, அது நிலநடுக்கம் இல்லை. கண்ணாடி மாற்றிவிட்டேன். அப்பா எப்போதும் போலத்தான் என்னை முறைக்கிறார்.

அதற்குப் பிறகுதான் வேலை சூடு பிடித்தது. உள்ளே மூன்று பல்சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் மயிரிழை கனத்தில் வளையங்கள் வைத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். ஒன்று கூடினால் இறுகும், குறைந்தால் கத்தும். மதியச் சாப்பாட்டையும் மறந்து அதைச் செய்தேன், குழாயின் உட்புறத்தைப் பட்டுத்துணியால் தேய்த்தேன், புது கிரீஸ் வைத்தேன், இன்னும் கொஞ்சம் விசை இருந்தால் யார் வேண்டாம் என்பார்கள் என்று ஸ்பிரிங்குக்குப் பின்னால் இரண்டு வளையம் கூடுதலாகவும் போட்டேன். இரண்டு பாதியையும் சேர்த்து மூடும் நேரம், இடது கையால் அமுக்கி, முழங்கையால் ஸ்பிரிங்கை அணைத்து, வாயில் திருகோடு நிற்கிறேன், அப்போது பார்த்து சிகுசா அட்டையில் ஏதோ காகிதம் வைத்து எடுத்துக்கொண்டு வருகிறாள். ஊர்ச் சங்கச் சுற்றறிக்கை வாராவாரம் பக்கத்து வீட்டிலிருந்து வரும், கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட வேண்டும், குப்பை வண்டி நாள் மாறியது, சாக்கடை சுத்தம் செய்யும் நாள் என்று ஏதாவது இருக்கும், இருபது வருடத்தில் நான் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. "படிச்சுப் பாத்துட்டே போடுங்கப்பா" என்றாள். "மேசையை ஆட்டாத!" என்று திருகைக் கடித்தபடியே சொல்லி, கிரீஸ் கையோடு போட்டுக் கொடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கிரீஸ் நெடி போலிருக்கிறது.

மூடிவிட்டு விசையை அமுக்கினேன். அண்ணா, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நல்ல எண்ணெய் போட்ட தையல் மிஷின் பட்டில் ஓடுவதுபோல் ஓடியது. அன்று சாயங்காலம் சுமியே நல்ல நாளுக்குச் சமைக்கும் சிவப்புப் பயறுச் சோறு செய்து வைத்திருந்தாள். முப்பத்தைந்து வருடத்தில் என் கைவேலையை அவள் இப்படிக் கொண்டாடியதே இல்லை. மனம் நெகிழ்ந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

போன ஞாயிறு நெகிஷி காரில் வந்து என்னை ஆட்டக் காட்டுக்கு அழைத்துப் போனான். துப்பாக்கியைப் பையில் மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்பது, கண்ணாடிக் கவசம் இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது எல்லாம் வழியிலேயே சொன்னான். கவசத்துக்குள் என் மூக்குக்கண்ணாடி நுழையவில்லை. "குடுங்கப்பா, நான் வெச்சிருக்கேன்" என்று கூட்டோடு வாங்கிக்கொண்டான். மறுபடியும் அப்பா.

நுழைவாயிலில் ஒவ்வொரு துப்பாக்கியின் வேகத்தையும் அளக்கிறார்கள். என்னுடையதை அளந்த பெண் கருவியைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி அளந்தாள். பிறகு இரண்டு கையாலும் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "ஐயா, இது சட்டம் சொன்ன அளவைத் தாண்டிப் போகுது. இதை உள்ள விட முடியாது" என்றாள். வரிசையில் இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அறுபத்து நான்கு வயதில் குற்றவாளி ஆகிவிட்டேனே என்று எனக்குக் காது சுட்டது.

நெகிஷி ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. மேசையில் வெள்ளைத் துணியை விரித்தான், ஸ்பிரிங் பறக்காதபடி பின்னாலிருந்து ஒரு கம்பியை விட்டுப் பிடித்துக்கொண்டான் (இப்படி ஒரு வழி இருப்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அப்பா நெற்றி தப்பியிருக்கும்), கூடுதல் வளையங்களை எடுத்தான். பொய்ப்பல் செதுக்குகிற விரல்கள் அண்ணா, ஒரு திருகு உருளவில்லை. எடுத்தவன் பல்சக்கரங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"இந்த இடைவெளி யார் வெச்சது?"

"நான்தான். ஏன், தப்பா?"

"தப்பா? டேய், எல்லாரும் இங்க வாங்கடா! எங்கப்பா வெச்சதைப் பாருங்கடா!"

ஏழெட்டுப் பேர் தலையை விட்டுப் பார்த்தார்கள். ஒருவன் விசில் அடித்தான். அந்த 'எங்கப்பா'வை அப்போது என்னால் கண்டிக்க முடியவில்லை. 

மறு அளவில் தேறி உள்ளே போனேன். உருண்டை நிரப்பும் மேகசின் எட்டு வாங்கியிருந்தேன். ஆளுக்கு மூன்று போதும் என்று நெகிஷி சொன்னதைக் கேட்கவில்லை. ஒன்றுக்கு முந்நூறு பிடிக்கும், சக்கரத்தைச் சுற்றிச் சாவி கொடுக்கிற வகை. ஆறை மார்பில் கட்டிக்கொண்டேன், இரண்டைக் கால்சட்டைப் பையில் போட்டேன். நடந்தால் சோழி குலுக்குகிற மாதிரி சலசல, சலசல. எதிரணி என்னைத் தேடவே இல்லை, காதாலேயே கண்டுபிடித்தது. படுத்துச் சுடலாம் என்று படுத்தால் மார்பில் ஆறு பெட்டி, அதற்குக் கீழே என் தொந்தி. தலை இறங்கினால் கால் ஏறுகிறது, கால் இறங்கினால் தலை ஏறுகிறது. கால்சட்டை வேறு பாரத்தில் நழுவ ஆரம்பித்தது. ஒரு கையால் கால்சட்டை, மறு கையால் துப்பாக்கி. மூன்று ஆட்டத்திலும் முதலில் வெளியேறியது நான்தான்.

மதியம் கறிச் சோறு சாப்பிடும்போது நெகிஷி என் கட்டுகளையெல்லாம் அவிழ்த்தான். குலுங்காத சின்ன மேகசின் தன்னுடையதில் இரண்டு கொடுத்து, இடது இடுப்பில், கை போனதும் எடுக்க வாகாகச் செருகிவிட்டான். "காலியானதை மறுபடி அதே பையில வைக்காதீங்கப்பா. பின்னாடி தொங்கற பையில போட்டுடுங்க. அவசரத்துல காலியையே திரும்ப மாட்டிடுவீங்க." நானும் அவன் இடுப்பைப் பார்த்தேன். மூன்று பை. "எனக்கு ரெண்டு குடுத்துட்டு உனக்கு மூணா?" என்றேன். சிரித்து மழுப்பிவிட்டான். சரிதான், இதோ ஒரு குறை, அண்ணாவுக்கு எழுதலாம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

இந்த ஆட்டத்தின் விதி ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். உருண்டை பட்டால் பட்டவன்தான் கையைத் தூக்கி "ஹிட்!" என்று கத்தி வெளியேற வேண்டும். நடுவர் பார்த்துச் சொல்வதில்லை. துப்பாக்கியில் பட்டாலும் சரி, இடுப்புப் பையில் பட்டாலும் சரி, பட்டது பட்டதுதான்.

கடைசி ஆட்டம். நான் சிவப்புக் கைப்பட்டி அணி, நெகிஷி மஞ்சள். எங்கள் கோட்டையில் இருக்கும் சங்கொலிப் பொத்தானை அவர்கள் அமுக்கினால் அவர்களுக்கு வெற்றி. மூங்கில் புதரில் பதுங்கியிருந்தேன். பின்னாலிருந்து ஒன்று சுள்ளென்று, எங்கே பட்டது என்று அண்ணாவுக்கு எழுத முடியாத இடத்தில் பட்டது. யாரும் பார்க்கவில்லை. நாள் முழுக்க முதலில் வெளியேறியவன், இந்த ஒருமுறை இருந்து பார்க்கலாமே என்று வாயை மூடிக்கொண்டேன். ஆமாம் அண்ணா, உங்கள் தம்பி ஏமாற்றினான்.

அப்போது நெகிஷி பூனை மாதிரி வந்தான். பொத்தானுக்கு இரண்டு எட்டு. சுட்டேன். அவன் இடுப்பில் டிக் என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவு தொலைவில் என் குண்டு பட்டது எனக்கே சந்தேகம்தான். சுற்றிலும் ஆள் இல்லை. கையை நீட்டினால் வெற்றி. அவன் நின்றான். கையை உயரத் தூக்கி, காடே கேட்கும்படி "ஹிட்!" என்று கத்தினான். யாருக்காகக் கத்தினான் அண்ணா? யாருமே இல்லையே அங்கே!

என்னால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. புதரிலிருந்து எழுந்து, "நானும்! நான் அதுக்கு முன்னாடியே!" என்று கத்தினேன். மரத்துக்கு மரம் சிரிப்பு. செத்தவன் சுட்டது செல்லாது, நீ போய் அமுக்கு என்றேன். "கத்தியாச்சுப்பா, இனிமே எப்படி?" என்று சொல்லி, என் கையைப் பிடித்து மேடு ஏற்றி அழைத்து வந்தான். மேசையில் தன் மூன்றாவது பையைத் திறந்தான். அதில் மேகசின் இல்லை. என் முழங்கால் வலிக்கு ஒட்டுகிற மருந்துப் பட்டையும், என் மூக்குக்கண்ணாடிக் கூடும் இருந்தன. கூட்டின் மூடியில் உருண்டை பட்ட தடம். என் கண்ணாடியைச் சுமந்ததால்தான் அண்ணா அந்தப் பிள்ளை தோற்றது.

குறை எழுதச் சொன்னீர்கள். நாள் முழுக்கத் தேடியும் எனக்குக் கிடைத்த குறை நான் ஒருவன்தான். பிள்ளை தங்கம். யாரும் பார்க்காத இடத்தில் கையைத் தூக்குகிறவனிடம் என் மகளைக் கொடுக்கப் பயமில்லை. தயவுசெய்து சம்மதம் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன பிறகுதான் நான் மேலே ஒரு அடி எடுத்து வைப்பேன்.

பனியில் முழங்காலை மூடிக்கொள்ளுங்கள், வென்னீரில் அதிக நேரம் ஊறாதீர்கள், நம் வீட்டுப் பெரிய மரமாக நூறு வருடம் நில்லுங்கள்.

என்றும் உங்கள் அடிபணியும் தம்பி,
இசோகாய் தெய்ஜி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் பிழை பார்க்கச் சொல்லி சிகுசாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என்னையே பார்த்தாள். "அப்பா, செப்டம்பர்ல நீங்க கையெழுத்துப் போட்டது எதுலன்னு நெனச்சீங்க?" "சாக்கடை சுத்தம் பண்ற நாள்தானே?" "கல்யாணப் பதிவுப் படிவம்பா. சாட்சி நீங்க. அன்னிக்கே நகராட்சில குடுத்துட்டோம்." அண்ணா, அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகப் போகிறது. நான் மனமார ஒப்புக்கொண்டதாகத்தான் வீட்டில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த 'அப்பா', அதனால்தான் பயறுச் சோறு. படிவத்தில் இருந்த கிரீஸ் ரேகையைப் பார்த்து அதிகாரி இது என்ன என்று கேட்க, அப்பாவின் ஆசீர்வாதம் என்றாராம் மாப்பிள்ளை. நான் ஹிட், கையைத் தூக்கிவிட்டேன். சாட்சி இரண்டு பேர் வேண்டுமே, இன்னொருவர் யார் என்று கேட்டேன். அண்ணியாம். தபாலில் வந்த படிவத்தை உங்கள் முன்னால் வைத்து, "சிகுசா கல்யாணத்துக்கு நான் சாட்சி போடட்டுமா?" என்று மூன்று முறை கேட்டாராம். நீங்கள் தொலைக்காட்சியில் சுமோ மல்யுத்தத்திலிருந்து கண்ணை எடுக்காமல் "ஆமா, ஆமா, விடாத, தள்ளு!" என்றீர்களாம். யாரும் பார்க்கவில்லை அண்ணா. கையை நீங்களே தூக்கிவிடுங்கள்.