கடைசிப் பத்தியில் கேள்

அழுது அடம்பிடித்து எதையும் வாங்கக் கூடாது, எழுதித்தான் வாங்க வேண்டும் என்பது ராமதாஸ் வாத்தியாரின் கொள்கை. பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் அவர் வீட்டு ஃபிரிட்ஜ்தான் அதற்கு நீதிமன்றம். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அவரே போட்ட சட்டம் இது. யாருக்கு எது வேண்டுமானாலும் இரண்டு பக்கத்தில் ஒரு வாதக் கட்டுரை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்ட வேண்டும். வாத்தியார் சிவப்புப் பேனாவோடு வருவார். இருபதுக்குப் பதினாறு எடுத்தால் கேட்டது கிடைக்கும். அதற்குக் கீழே என்றால் வாயை மூடிக்கொண்டு பாத்திரம் கழுவப் போகலாம்.

மகள் துளசி பதினேழு எடுத்துச் சைக்கிள் வாங்கினாள். மகன் யுகேந்திரன் டியூஷனே வேண்டாம் என்று எழுதி ஆறு மார்க் வாங்கி, அந்த ஆறுக்காகவே இன்னொரு டியூஷனுக்கும் அனுப்பப்பட்டான். மனைவி சந்திரிகாவும் ஒரே ஒரு முறை எழுதினாள். ஒன்பது மார்க். அவள் என்ன கேட்டாள் என்பது வாத்தியாருக்கு இப்போது நினைவில் இல்லை.

பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கென்று வெளியூர் போய்விட்டார்கள். வாத்தியாரும் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. ஃபிரிட்ஜில் இப்போது மருந்துச் சீட்டு மட்டும்தான் தொங்குகிறது. தூங்கிக்கொண்டிருந்த சட்டத்தைத் தட்டி எழுப்பியது அவரேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

சூலியா தெருவில் நாணய மாற்றுக் கடை வைத்திருக்கும் பஷீர், வாத்தியாரின் தூண்டில் கூட்டாளி. பத்து மாவுங் படகுத்துறையில் ஒரு பழைய ஃபைபர் படகு விலைக்கு வந்திருக்கிறது, பாதிப் பங்கு உங்களுக்கு என்று ஒரு புதன்கிழமை அவன் சொன்னான்.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிருங்கண்ணே. இல்லாட்டி, கேட்டுக்கிட்டிருக்குற இன்னொரு ஆளு ஹைக்கல் எடுத்துக்குவான்லா.”

வாத்தியார் இருபது வருஷமாகக் கரைப் பாறைமேல் நின்று தூண்டில் போட்டு, மீனைவிடப் பக்கத்து ஆளின் தூண்டில் நரம்பைத்தான் அதிகம் பிடித்திருக்கிறார். ஒரு படகு வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதுபோல் பென்ஷனுக்குக்கூட ஆசைப்பட்டதில்லை.

அன்று மாலை வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹார்ன் அடித்தார். சந்திரிகா வந்து கேட்டைத் திறந்தாள். அவர் காரை உள்ளே விட்டதும் கேட்டைச் சாத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஸ்டியரிங் அவருக்கு, கேட் அவளுக்கு. வெயிலோ மழையோ இதில் மாற்றம் கிடையாது.

தேநீர் குடிக்கும்போது, தான் படகில் பங்குதாரர் ஆகப்போவதாக அறிவித்தார். சந்திரிகா முடியாது என்று சொல்லவில்லை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

“எழுதி ஒட்டுங்க” என்றாள்.

“என்னத்த?”

“வாதக் கட்டுரைதான். ரூல் ரூல்தானே? கேக்குறது நீங்க, அதனால மார்க் நான் போடுறேன்.”

வாத்தியார் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித் தருகிறாளாம். முப்பத்தொரு வருஷம் பினாங்குப் பிள்ளைகளுக்குக் கட்டுரை கற்றுக்கொடுத்தவர் அவர். எழுத உட்காருமுன் படிக்கப் போகிறவரை நினை என்பார். எதிராளி என்ன சொல்வான் என்பதை அவனுக்கு முன்னால் நீயே சொல்லி, நீயே உடைத்துவிடு என்பார். சும்மா அடித்துவிடாமல் ஆதாரம் காட்டச் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய பிரம்மாஸ்திரம் ஒன்று உண்டு. என்ன வேண்டும் என்பதை முதலிலேயே உளறாதே. படிப்பவர் மூன்று தடவை தலையாட்டிய பிறகு கடைசிப் பத்தியில் கேள். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப் பெயரே ‘கடைசிப் பத்தி’ என்பது அவருக்கும் தெரியும், அதில் அவருக்குப் பெருமைதான்.

வியாழக்கிழமை முழுக்க எழுதினார். அறுபது வயதில் புதிதாக ஒன்றைக் கற்பவரின் மூளை துருப்பிடிப்பதில்லை என்று தொடங்கினார். ஆதாரத்துக்கு, எழுபது வயதில் நீச்சல் கற்றுக்கொண்ட நிபோங் திபால் பெரியப்பாவை இழுத்து வந்தார். இது ஆபத்தானது என்று சிலர் சொல்லக்கூடும், ஆபத்துக்குப் பயந்தால் குளியலறைக்குக்கூடப் போக முடியாது என்று எதிராளியை உடைத்தார். குடும்பத்துக்காக முப்பது வருஷம் உழைத்த ஒருவருக்கு வாரத்தில் சில மணி நேரமாவது சொந்தமாக இருக்க வேண்டாமா என்று கேட்ட இடத்தில் அவருக்கே கண் கலங்கியது. வாரந்தோறும் நல்ல மீன் வீடு வந்து சேரும் என்று முதல் பக்கத்தை முடித்தார். படகு என்ற சொல் இரண்டாம் பக்கத்தில்தான் தலையைக் காட்டியது.

சந்திரிகா தாளை வாங்கி உற்றுப் பார்த்தாள். கோழி கிளறின மாதிரி இருக்கிறது, தானே அழகாக எழுதித் தருவதாகச் சொன்னாள். அவர் பள்ளிக்கூடக் காலத்துக் கேள்வித் தாள்களையெல்லாம் சுத்தப்பிரதி எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். அதனால் வாத்தியாருக்குச் சந்தேகம் வரவில்லை. எதிர்க்கட்சியே வந்து நம் சுவரொட்டியை ஒட்டிக்கொடுத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

வெள்ளிக்கிழமை காலையில் முத்து முத்தாக எழுதிய பக்கத்தோடு வந்தாள். கூடவே சிவப்புப் பேனா.

“எனக்கு மார்க் போட்டுப் பழக்கமில்ல. நீங்க எப்படிப் போடுவீங்களோ, அதப் போட்டுக் காட்டுங்க. நான் கத்துக்குறேன்.”

கற்றுக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் வாத்தியார் உருகிவிடுவார். முதல் பக்கத்தைச் சத்தம்போட்டு வாசித்தார். மூன்று இடத்தில் தானே தலையாட்டினார். வலது மூலையில் பத்தொன்பது என்று போட்டு வட்டமிட்டார். முழு மார்க் கொடுத்தால் எழுதியவருக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று ஒன்றைக் குறைத்துக்கொண்டார். கையெழுத்தும் தேதியும் போட்டார்.

சந்திரிகா இரண்டாம் பக்கத்தை எடுத்து வைத்தாள். அதில் இருந்தது ஒரே பத்தி. ‘ஆகவே, மேற்கண்ட காரணங்களால், சந்திரிகா ஆகிய நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசன்ஸ் எடுக்க அனுமதி வேண்டுகிறேன்.’

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தார். கார் கார்தான்.

“இது என் கட்டுரை, சந்திரிகா.”

“அப்படியா? அப்ப உங்களோடத எடுத்து ஒட்டுங்க. ஒரே மாதிரி ரெண்டு கட்டுரை வந்தா, முதல்ல திருத்துனதுக்கு மார்க்கு, அடுத்ததுக்கு சைபர்னு வகுப்புல சொல்லுவீங்களே.”

சொல்லியிருக்கிறார். முப்பத்தொரு வருஷமும் சொல்லியிருக்கிறார்.

பிறகு அவள் அலமாரியைத் திறந்து, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலிருந்து பழுப்பேறிய ஒரு தாளை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய தாள். கேட்டது இதே லைசன்ஸ்தான். மூலையில் ஒன்பது என்று அவர் கையால் போட்டிருந்தது. அடியில் சிவப்பில் ஒரு குறிப்பு: ‘முயற்சி பாராட்டத்தக்கது. ஆதாரம் போதாது. மறுபடி எழுதலாம்.’

வாத்தியார் அந்தப் பழைய தாளை முழுசாகப் படித்தார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய பள்ளி முடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாள். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கப் பேனா மூடியைத் தேடுவதுபோல் மேசைக்கு அடியில் குனிந்தார்.

படகில் பாதியை ஞாயிற்றுக்கிழமை ஹைக்கல் எடுத்துக்கொண்டான். சந்திரிகா மூன்று மாதத்தில் லைசன்ஸ் எடுத்துவிட்டாள். மேட்டில் நிறுத்திக் கிளப்பும் சோதனையில் பாதிப்பேர் பின்னால் உருண்டார்களாம், இவள் ஓர் அங்குலம் உருளவில்லை. சனிக்கிழமைகளில் அவளே பத்து மாவுங்குக்கு ஓட்டிப்போனாள். பஷீர் இரக்கப்பட்டு வாத்தியாரை விருந்தாளியாகப் படகில் ஏற்றிக்கொண்டான். இரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் போவது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. அவள் நன்றாகவே ஓட்டினாள். யாரிடமும் இதைச் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

வருஷக் கடைசியில் ஹைக்கலுக்கு ஜொகூருக்கு மாற்றலாகி, பாதிப் பங்கு மறுபடி காலியானது. வாத்தியார் ராப்பகலாக யோசித்துப் பார்த்தார். நல்ல வாதமெல்லாம் காருக்குச் செலவாகிவிட்டது. மிச்சமிருந்ததை வைத்துப் புதிதாக ஒன்று எழுதி, வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜில் ஒட்டினார்.

சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தார். மூலையில் ஒன்பது. அடியில் சிவப்பில், முத்து முத்தான எழுத்தில்: ‘முயற்சி பாராட்டத்தக்கது. ஆதாரம் போதாது. மறுபடி எழுதலாம்.’

வாசலில் ஹார்ன் கேட்டது.

“படிச்சிட்டீங்களா? அப்படியே வந்து கேட்டத் தொறந்து விடுங்க.”