உங்கள் நிலையத்துப் பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொள்

அறிவின் சிகரமும் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் நடுத்தூணுமாகிய என் அக்கா மகளுக்கு, ஈரேழு உலகங்களின் தண்ணீர்ப் பம்புகளுக்கும் ரப்பர் வளையம் செய்து தரும் உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் என் ரத்தக்கொதிப்பும் நலம்.

நம் வளையங்கள் இளகிப் பம்புகள் ஒழுகுகின்றன, இன்னொரு லோடு திரும்பி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று பம்பு கம்பெனிக்காரர் சொன்னது உனக்குத் தெரியும். அவர் ஒருவரை நம்பித்தான் இந்தப் பட்டறையே நிற்கிறது. உன்னிடம் என்ன கேட்டேன்? பழைய அடுப்பு உதவாது, வெளிநாட்டு இயந்திரம் வாங்கு என்று உங்கள் நிலையம் முத்திரை குத்தி ஒரு காகிதம் தரட்டும் என்றேன். நீயோ ஒரு பெண்ணை அனுப்பினாய். விஞ்ஞானம் வருகிறதே என்று யானை படுத்துப் புரளும் அளவுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்தாள். ரப்பரை வேகவைக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். மலைகூட நடுவில் ஒருமுறை உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் கேட்டாள்: "ஐயா, தினமும் மத்தியானத்துக்கு முன்னாடி அடுப்பு ஏன் ஆறிப்போகுது?"

மேஸ்திரி முந்திக்கொண்டான். "அது ஒண்ணுமில்லம்மா, டப்பா வைக்கிறோம்."

"என்ன டப்பா?"

"சாப்பாட்டு டப்பாதான். எல்லாரோடதும் வைப்போம். முதலாளியோடது உள்ளாற, அங்கதான் நல்லா சூடாகும்."

அடுப்புக் கதவைத் திறந்து திறந்து டப்பா அடுக்கியதில், உள்ளே இருந்த வளையமெல்லாம் அரைவேக்காடாம். அதுகூடப் போகட்டும். சாப்பாட்டில் வீசிய ரப்பர் வாசனையை இத்தனை வருஷமாக உன் அத்தையின் கைப்பக்குவம் என்றல்லவா நினைத்திருந்தேன்! அதை வாய்தவறி வீட்டில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

டப்பா சூடாக்க, அடுப்புக்கு வெளியே வைக்கும்படி அவளே பழைய தகரத்தில் ஒரு பெட்டி செய்து கொடுத்துவிட்டாள். புது லோடும் போயிருக்கிறது, பதில் வரவில்லை. ராத்திரி படுத்தால் யோசனைதான். இயந்திரம் கப்பல் ஏறி எங்கிருந்தாவது வந்துவிடும். அதன் பக்கத்தில் நின்று, ஏன் இப்படி ஆகிறது என்று கேட்கிற ஆள் எந்தக் கப்பலில் வருவான்? முன்னேறிய நாட்டுப் பட்டறையிலும் என்றோ ஒருவன் டப்பா வைத்திருப்பான்; இன்னொருவன் கேட்டிருப்பான். நிற்க. என்ன இருந்தாலும் முதலாளியின் மானம் என்று ஒன்று உண்டு. அவளை உடனே அழைத்துக்கொள். முத்திரைக் காகிதத்தை அனுப்பு.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி அண்டாமல், உன் மேலதிகாரி உன் பேச்சைக் கேட்டு நடக்க, நூறாண்டு வாழ்க.

அன்புள்ள மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பம்பு கம்பெனிக்காரர் கூப்பிட்டார். ஒரு வளையம்கூடத் திரும்பவில்லை; இனி இரண்டு மடங்கு வேண்டுமாம். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. அவ்வளவுக்கு இந்த அடுப்பு தாங்காது, இப்போது புது இயந்திரம் வாங்கலாம் என்று அவளே சொல்கிறாள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. வாங்குகிறேன், ஆனால் அவள் இங்கேயே இருக்கட்டும்.