நாற்பத்தேழாம் நிமிடத்துப் பேய்

டிக்கெட் கிடைக்காதவர்கள் தியேட்டர் சுவரையாவது தொட்டுவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு படம்! நாலு பேர், ஒரு கேமரா, ஒரு வெள்ளைப் போர்வை; ஒன்றரை மணி நேரப் பேய்ப் படம் தயார். முதல் வாரம் ஈ ஓட்டியது. பிறகுதான் தயாரிப்பாளர் ஒரு பேயடக்கியைக் கூட்டிவந்தார்.

"படத்துக்குள்ள நிஜப் பேய் இருக்கு. சரியா நாப்பத்தேழாவது நிமிஷம் வெளியே வரும். நான் புடிச்சு வெச்சுக்குவேன். கயிறு கட்டாதவங்களுக்கு நான் பொறுப்பில்ல" என்றார் பேயடக்கி. மந்திரித்த கயிறு வாசலிலேயே விற்றது.

படத்துக்கு ஒன்றரை நட்சத்திரம் போட்ட பத்திரிகை விமர்சகர், குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். சோப்பு செய்த வேலை. பழி பேய் மேல் விழுந்தது. அவ்வளவுதான், மற்ற விமர்சகர்களெல்லாம் ஒரே நாளில் ஞானம் பெற்று நாலரை நட்சத்திரம் போட்டார்கள். ஒருவர் படம் பார்க்காமலே போட்டார். பாதுகாப்பாம்!

"நீங்களும் அஞ்சு போட்டுத் தொலைங்களேன். மிச்சம் இருக்கிற காலையாவது காப்பாத்துங்க" என்று அழுதாள் விமர்சகரின் மனைவி.

பத்திரிகை ஆசிரியர் போனில் இன்னும் சுருக்கம்: "நாளைக்குள்ள மன்னிப்புக் கட்டுரை வரணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்குங்க."

இருபது வருஷ வேலை. விமர்சகருக்குக் கோபம் வந்தது. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு மதியக் காட்சிக்குப் போனவர், நேரே ஆப்பரேட்டர் அறைக்குள் நுழைந்தார்.

"அண்ணே, இன்னிக்கு மட்டும் படத்தைப் பாதியிலேருந்து ஓட்டுங்க. நான் கை காட்டினதும் லைட்டைப் போடுங்க."

"தாராளமா சார். எனக்கே இதுல எது முன்னாடி, எது பின்னாடின்னு தெரியாது."

படம் ஓடியது. ஒருவரும் சந்தேகப்படவில்லை. திரைக்குக் கீழே பேயடக்கி கண்மூடி உட்கார்ந்திருந்தார்; அவ்வப்போது அரைக்கண் மட்டும் கைக்கடிகாரத்துக்குப் போய்வந்தது. நாற்பத்தேழாவது நிமிடம்.

"வந்துருச்சு! எல்லாரும் கயித்தைப் புடிச்சுக்குங்க!" என்று அலறித் தரையில் உருண்டார். பொத்துப் பொத்தென்று ஆறு பேர் மயங்கி விழுந்தார்கள்.

அரங்கில் உட்கார்ந்திருந்த விமர்சகர் எழுந்து கை காட்டினார். விளக்கு எரிந்தது.

"எல்லாரும் திரையைப் பாருங்க!"

திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. 'போர்வை சலவை: தயாரிப்பாளரின் மைத்துனர்.'

"இதுல எங்கேய்யா பேய்?" என்றார் விமர்சகர்.

பேயடக்கி அப்போதுதான் முழுக்கண்ணையும் திறந்தார். "ஐயையோ, படம் முடிஞ்சிருச்சா?"

"ஏன், நீங்க பாக்கலையா?"

"முதல் நாள் பத்து நிமிஷம் பாத்தேன் சார், தாங்கல. அப்புறம் கடிகாரம்தான்."

இத்தனை நேர்மையான விமர்சனம் அந்தப் படத்துக்கு அதுவரை வந்ததில்லை. தியேட்டரே கொல்லென்று சிரித்தது.

மயங்கிக் கிடந்தவர்களில் ஒருவர் பேன்ட்டைத் தட்டிக்கொண்டு எழுந்தார். யாரென்று பார்த்தால், ஆசிரியர்! கையில் மூன்று கயிறு.

"மன்னிப்பெல்லாம் வேணாம். நடந்ததை எழுதுங்க. நான் விழுந்ததை மட்டும் விட்டுருங்க" என்றார் மெதுவாக.

விமர்சகர் அதையும் சேர்த்தே எழுதினார். கட்டுரையை இப்படி முடித்தார்: 'அடுத்த தடவை எவனாவது பேய் என்று கத்தினால், முதலில் கண்ணைத் திறந்து பாருங்கள். மயங்கி விழ அதற்குப் பிறகும் நேரம் இருக்கும்.'