தாடி வைத்த மாப்பிள்ளை கொடுத்த சவரக்கத்தி

அன்பும் அடக்கமும் அடர்ந்த தாடியும் ஒருங்கே வாய்த்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அத்தை சௌக்கியம். நானும் கழுத்துக்குக் கீழே சௌக்கியம்.

போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் 'கத்தி' என்று ஆரம்பித்தாலே நீங்கள் சிரிக்கிறீர்கள். என் மகள் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். பின்னாலிருந்து உங்கள் நண்பர் யாரோ ஒருவர் வேறு சிரிக்கிறார். காகிதம் சிரிக்காது. தவிர, உங்களால் எனக்குக் காகிதத்தில் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் சலூனுக்குள் நான் மறுபடியும் மானத்தோடு நுழைய வேண்டும். அதைக் கெடுத்தவர் நீங்கள், சரி செய்ய வேண்டியவரும் நீங்கள். முதலில் உங்கள் பரிசு இந்த வீட்டுக்கு ஆற்றிய தொண்டைக் கேளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று அந்தப் பெட்டியை நீட்டினீர்கள். உள்ளே ஒரு மடக்குச் சவரக்கத்தி, ஒரு சாணைக்கல், ஒரு தோல்வார். "மாமா, இனிமே உங்களுக்கு நேரம் நிறைய இருக்கும். தினம் காலைல நீங்களே கத்திய தீட்டி நீங்களே ஷேவ் பண்ணிக்கங்க. அது ஒரு தியானம் மாமா" என்றீர்கள். சொல்லும்போது தாடியை வருடிக்கொண்டிருந்தீர்கள். ஐந்து வருடமாக உங்கள் முகத்தில் எந்த இரும்பும் பட்டதில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பது அந்த நிமிடமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை கொடுத்ததாயிற்றே என்று வாங்கிக்கொண்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, அதற்கு நன்றியும் சொன்னவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

அதோடு நிறுத்தினேனா? மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு சலூனுக்குப் போனேன். அந்தச் சலூன்காரரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தரிக்கோல் நின்றாலும் அவர் வாய் நிற்காது. முப்பது வருடமாக அங்கேதான் எனக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் சவரம், தினமும் பேப்பர், பக்கத்து மருந்துக்கடைக்காரரோடு ஏதாவது ஒரு விஷயத்தில் சண்டை. அத்தனை பேர் முன்னாலும் பெட்டியைத் திறந்து காட்டி, "இனிமே இந்தக் கடைல எனக்கு வேலை இல்ல. நம்ம மூஞ்சிய நாமளே பாத்துக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்" என்று அறிவித்தேன். ரேடியோ கத்தியை வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம் சார். காத மட்டும் பத்திரமா பாத்துக்கங்க" என்றார். "பஞ்சு, பிளாஸ்திரி எல்லாம் நம்மகிட்ட ஸ்டாக் இருக்கு, கவலையே படாதீங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். கடையே சிரித்தது. "ஒரு மாசம் கழிச்சு என் கன்னத்த தொட்டுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்று சவால் விட்டுவிட்டு வெளியே வந்தேன். வாயை வாடகைக்கு விட்டிருந்தால்கூட இவ்வளவு சேதம் ஆகியிருக்காது.

வீட்டுக்கு வந்து கன்னத்தில் வைத்து இழுத்தால், கத்தி என்னைத் தடவிக்கொடுத்தது. பெட்டியின் அடியில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது: உபயோகிக்கும் முன் தீட்டிக்கொள்ளவும். செருப்பு வாங்கினவனிடம் தைத்துப் போட்டுக்கொள்ளவும் என்று சொல்வதுபோல! சரி, கல்லை இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்று போட்டிருந்ததால் குளியலறை வாளியில் போட்டேன். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் அத்தை குளிக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "கல்லு ரொம்ப நல்லா இருக்குங்க. நாலு தேய்ப்புல வெடிப்பெல்லாம் போயிடுச்சு. மாப்பிள்ளைக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ!" என்றாள். உங்கள் பரிசால் இன்றுவரை பலன் கண்ட ஒரே இடம் உங்கள் அத்தையின் குதிகால்தான்.

அடுத்தது தீட்டும் படலம். நான் முப்பத்துநான்கு வருடம் கட்டட வரைபடம் போட்டவன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சீட்டில், 'கத்தியைக் கல்லின் மேல் படுக்க வைக்கவும், முதுகும் கூரும் இரண்டுமே கல்லைத் தொட வேண்டும்' என்று இருந்ததே தவிர, கோணம் எத்தனை பாகை என்று ஒரு வார்த்தை இல்லை. கோணம் குறிக்காத வரைபடத்தில் நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அச்சுப்பிழை என்று முடிவு செய்து, சிவப்புப் பென்சிலால் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் 'பதினைந்து பாகை' என்று எழுதித் தேதியும் போட்டேன். பிறகு பாகைமானியை வைத்து ஒரு மரக்கட்டையைச் சரிவாகச் செதுக்கி, கத்தியின் முதுகை அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, காலையில் நாற்பது இழுப்பு, மாலையில் நாற்பது இழுப்பு என்று ஒரு வாரம் தேய்த்தேன். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "சார், உங்க வீட்ல எலி ஏதாச்சும் வந்துடுச்சா?" என்று விசாரித்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கத்தியின் வாய் ரம்பம் மாதிரி இருந்தது.

இரண்டு நாள் யோசித்த பிறகுதான் புரிந்தது. கத்தியைச் செய்தவன் கோணத்தை முதுகின் கனத்திலேயே வைத்து அனுப்பியிருக்கிறான். சும்மா படுக்க வைத்தாலே போதும், கோணம் தானாக வந்துவிடும். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் என்பதை உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிவப்புக் கோட்டை ரப்பரால் அழித்தேன், சீட்டு கிழிந்துவிட்டது.

பிறகு முறைப்படி தீட்டி, கூர் வந்துவிட்டதா என்று பார்க்க முன்கை முடியில் வைத்துப் பார்த்தேன். வந்திருந்தது. மறுபடியும் தீட்டி, மறுபடியும் பார்த்தேன். இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பளிங்காகிவிட்டது. "தாடி மூஞ்சிலதானேங்க இருக்கு? கைய ஏன் மொட்டை அடிக்கறீங்க?" என்றாள் உங்கள் அத்தை. பரிசோதனை என்றால் என்ன என்று விளக்கினேன். கேட்கவில்லை.

தீட்டிய கத்தியைத் தோல்வாரில் தேய்த்து மெருகேற்ற வேண்டுமாம். ஜன்னல் கம்பியில் வாரைக் கட்டி, கல்லில் தள்ளிய மாதிரியே கூர்ப்பக்கத்தை முன்னால் விட்டுத் தள்ளினேன். கல்லில் எப்படியோ, வாரில் முதுகுதான் முன்னே போக வேண்டும் என்பது, வார் இரண்டு துண்டாகக் கீழே விழுந்த பிறகு தெரிந்தது. அதற்குப் பதிலாக என் இடுப்பு பெல்ட். பழக்கதோஷம், அதுவும் போயிற்று. மூன்றாவதாக உங்கள் அத்தையின் கைப்பையை நான் பார்த்த பார்வையிலேயே அவள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். பழைய பெல்ட் ஒன்றைத் தேடி எடுத்து ஒருவழியாக மெருகேற்றி முடித்தேன்.

ஆயிற்று, சவரம். வலது கன்னம், பொய் சொல்லக் கூடாது, பிரமாதமாக வந்தது. மீசையோரம் திருத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை நழுவியது. அழைத்தவர் யார்? நீங்கள்தான். "மாமா, தியானம் எப்படிப் போகுது?" என்று கேட்டீர்கள். என் மீசையில் பாதி அப்போது வாஷ்பேசினில் கிடந்தது. "அமோகம்" என்று நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மீதிப் பாதியை நானே எடுத்துவிட்டேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளவாவது ஒரு மீசை வேண்டும், அதுவும் இல்லை. மோவாயில் நாலு வெட்டு. பிளாஸ்திரி வாங்க அத்தையை அனுப்பினால், மருந்துக்கடைக்காரர், "எத்தனை தையல்மா?" என்று கேட்டாராம். அந்தக் கலவரத்தில் கத்தியைத் துடைக்காமல் ஈரத்தோடு மடக்கி வைத்துவிட்டேன். காலையில் திறந்தால் துரு. இப்போது அதற்குத் தினமும் தையல் மெஷின் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிறேன். முகத்துக்கு உதவாத கத்திக்கு என் முகத்தைவிட அதிகப் பராமரிப்பு.

அன்றிலிருந்து ஒரு மாதமாகத் தாடி. உங்களுடையதைப்போல அடர்ந்து வளரவில்லை. வெள்ளையடிக்க வந்தவன் பாதியில் விட்டுப்போன சுவர் மாதிரி இருக்கிறது. கேட்பவர்களிடம் டாக்டர் சவரம் செய்யக் கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சொல்கிறேன். கடைத்தெருவுக்குப் பின்வாசல் வழியாகப் போகிறேன்.

மாப்பிள்ளை, கேலி இருக்கட்டும். எனக்கு அந்தச் சலூன் இல்லாமல் முடியவில்லை. ஆபீஸை விட்டு வந்தபோதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை. காலையில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். பெஞ்சில் என் இடத்தில் வேறு ஒருவன் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். மருந்துக்கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை. பார்க்கவே வயிறு எரிகிறது. "ரோட்ட தாண்டிப் போயிட்டு வாங்களேன். ரேடியோவா உங்கள வரவேணாம்னு சொன்னாரு?" என்கிறாள் உங்கள் அத்தை. "அவரு சொல்லல, நான்தான சொன்னேன்." "அப்ப நீங்களே மாத்திச் சொல்லுங்க." அது அவ்வளவு சுலபமாக இருந்தால் நான் ஏன் தாடியோடு இருக்கிறேன்?

ஆகவே நீங்கள் எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். வாசகம் இதுதான்: 'மாமா, நான் கொடுத்த கத்தி பழுதானது. கடையில் திரும்பக் கேட்கிறார்கள். உங்கள் திறமையில் எந்தக் குறையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு நீங்கள் இத்தனை நாள் சமாளித்ததே ஆச்சரியம். தயவுசெய்து உடனே அனுப்பிவிட்டு, பழையபடி சலூனுக்கே போகவும்.' 'திறமையில்' என்பதற்குக் கீழே கோடு போடவும். ரேடியோ கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி பெரிய எழுத்தாக இருக்கட்டும். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய், பெஞ்சருகே தவறிக் கீழே விழவைப்பது என் பொறுப்பு.

நீங்களும் என் மகளும் குறையொன்றும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். உங்கள் தாடி மார்பைத் தொட வேண்டும். பரிசு கொடுக்கும் ஆசை உங்களுக்கு இனி வராதிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பின்வாசல் வழியாகப் போய்வரும் மாமனார்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போனேன். தபால்பெட்டி சலூன் முனையில்தான் இருக்கிறது. ரேடியோ துண்டும் கையுமாக வெளியே வந்துவிட்டார். "சார், அந்தக் கத்திய கொஞ்சம் எடுத்துட்டு வர முடியுமா?" என்றார். எதற்கு என்றேன், விறைப்பாகத்தான். "அன்னிக்கு சும்மா புரட்டிப் பாத்தேனே தவிர, எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். கடை தொறந்ததுல இருந்து பிளேடு மாத்தித்தான் பழக்கம். கல்லுல எப்படித் தீட்டறீங்கன்னு பாக்கணும்னு ரெண்டு மாசமா காத்திருக்கேன். நீங்கதான் இந்தப் பக்கமே வரல" என்றார்.

கொண்டுபோனேன். கோணம் முதுகிலேயே இருக்கும் சூட்சுமத்தை, முதல் நாளே தெரிந்த மாதிரி விளக்கினேன். கடை மொத்தமும் வாயைப் பிளந்து பார்த்தது. பிறகு ரேடியோ தன் பிளேடால் ஐந்து நிமிடத்தில் என் தாடியை எடுத்துவிட்டார். "மீசை எங்க சார்?" என்று மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார். "வெயில் காலம்யா, விடுய்யா" என்றார் ரேடியோ.

ஆகவே நான் கேட்ட கடிதத்தை எழுதவே எழுதாதீர்கள். கத்தி பழுது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மேலே உள்ளதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன். ஆனால் திட்டு இவ்வளவு கோர்வையாக மறுபடியும் வராது, வீணாக்க மனமில்லை. இதைவிட வழவழப்பான கல் ஒன்று கிடைக்குமாமே, உடனே அனுப்பவும். மருந்துக்கடைக்காரர் அவர் வீட்டுக் கத்தரிக்கோல் இரண்டைக் கொண்டுவந்து காத்திருக்கிறார். எத்தனை வேண்டுமானாலும் தீட்டலாம், யார் முகத்திலும் வைக்கக் கூடாது என்பது மட்டும் ரேடியோவின் நிபந்தனை. கல்லைச் சலூன் முகவரிக்கு அனுப்புங்கள். பகலில் நான் வீட்டில் இருப்பதில்லை.