மடக்குத் துவக்கு பற்றி என் மேலான அபிப்பிராயம்

உண்மையை நம்புவதற்கு மனிதர்கள் நிறைய யோசிக்கிறார்கள். பொய்யை நம்ப யோசிப்பதே இல்லை. இதற்கு நானே சாட்சி, நானே குற்றவாளி.

சண்டைக்குத் தப்பிக் கனடாவுக்கு அகதியாக வந்த புதிதில் ஒரு குடிவரவு அதிகாரி என்னை உட்கார வைத்து, "நீ துவக்குப் பிடித்திருக்கிறாயா?" என்று மூன்று விதமாக மூன்று தடவை கேட்டார். இல்லை, இல்லை, துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்றேன். சத்தியமான உண்மை. அவர் முகத்தில் நம்பிக்கையின் சுவடே தெரியவில்லை. சில வருடங்கள் கழித்து, மொன்றியலில் தயிர்ப் பெட்டிக்கு மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில், துவக்கைப் பற்றி ஒரே ஒரு வசனம் சொன்னேன். அது பொய்கூட இல்லை, வெறும் வாய்த் தவறு. முழுத் தொழிற்சாலையும் என்னைப் போர்வீரன் என்று நம்பிவிட்டது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. எனக்கு மாலை ஷிப்ட். நான் இரண்டே காலுக்கு வில்லரேப் பகுதியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவேன். மனைவி ஜெசிந்தா தன் வேலை முடிந்து, மகள் நத்தலியைக் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் இருந்து கூட்டிக்கொண்டு ஐந்தரைக்கு வருவாள். காலையில் அவர்கள் போகும்போது நான் தூக்கம். ஒருநாள் கார்டெரியில் 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். நாலு வயது நத்தலி அம்மாவை வரைந்தாள், தன்னை வரைந்தாள், பக்கத்தில் கட்டிலில் ஒரு பெரிய உருளைக்கிழங்கை வரைந்தாள்.

"இது ஆர் பிள்ளை?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"அப்பா. போர்வைக்குள்ள."

அந்தப் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள் ஜெசிந்தா. 

இந்த நேரத்தில்தான் எங்கள் மேற்பார்வையாளர் றெஜான் பகல் ஷிப்டுக்கு மாறப் போகிறார் என்றும், தன்னோடு ஒருவனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றும் செய்தி வந்தது. ஒரே ஓர் இடம். றெஜான் ஐம்பது வயது, மீசை, அதிகம் கதைக்காத மனிதர். அவருக்குத் துவக்கு என்றால் உயிர். லைசென்ஸ், கிளப் அங்கத்துவம் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். இலையுதிர் காலம் வந்தால் மான் வேட்டை.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு சஞ்சிகையை என் புட்டுக்குப் பக்கத்தில் விரித்தார். அதில் ஒரு விசித்திரமான துவக்குப் படம். நீளத் துவக்குத்தான், ஆனால் கைத்துப்பாக்கிக் குண்டைப் போட்டுச் சுடுவது. நடுவில் மடித்தால் பாதியாகி, ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும். றெஜான் பிரெஞ்சில்தான் கதைப்பார். எனக்கு அதில் பாதி விளங்கும். விளங்கியதை எங்கள் பாஷையிலேயே தருகிறேன்.

"நீ சண்டை நடந்த இடத்தில இருந்து வந்தனியெல்லே? இது எப்பிடி?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். உண்மையில் எனக்குத் துவக்கின் முன்பக்கம் மட்டும்தான் பழக்கம். சோதனைச் சாவடிகளில் மிக அருகில் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்கிற சூழ்நிலை எனக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை. ஆனால் அந்த ஒரே ஓர் இடம் கண்ணுக்குள் நின்றது. புட்டை மென்று விழுங்கிவிட்டு, படத்தை ஒரு வைத்தியரைப் போல உற்றுப் பார்த்து, "பாரம் இல்லாதது" என்றேன்.

(அப்படித்தான் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.)

றெஜான் மெதுவாகத் தலையாட்டினார். அது பாராட்டு.

அடுத்த நாள் காலை நூல்நிலையத்துக்கு ஓடினேன். கணினி ஒரு மணி நேரம் இலவசம். அந்தத் துவக்கை வாங்கியவர்கள் கூடி அபிப்பிராயம் எழுதும் ஓர் இணையப் பக்கம் அகப்பட்டது. வாழ்க்கையில் பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. மடிப்பது ஒரு விநாடி வேலை என்று ஒருவர் எழுதியிருந்தார். விரலைக் கவனி என்று அவருக்குக் கீழே இன்னொருவர். சுடும்போது கன்னம் வைக்கிற பின்குழாய் கன்னத்தில் அறைகிறது என்று ஏழெட்டுப் பேர் ஒப்பாரி வைத்திருந்தார்கள். விளையாட்டுச் சாமான் போல முழுக்கப் பிளாஸ்டிக் என்று ஒருவர் திட்டினார். அதனால்தானே பாரமில்லை என்று இன்னொருவர் அவரைத் திட்டினார். ஒருவர் கன்னம் படுகிற இடத்தில் தடித்த கம்பளிச் சொக்ஸ் ஒன்றை மாட்டிவிட்டு, பிறகு மனைவியோடு இருந்த பிரச்சினைகளும் குறைந்துவிட்டதாக எழுதியிருந்தார். என்ன தொடர்பு என்று சொல்லவில்லை.

இவற்றை நாளுக்கு ஒன்றாக றெஜானுக்கு அவிழ்த்துவிட்டேன். திங்கட்கிழமை, "விரல் கவனம்." செவ்வாய்க்கிழமை, "கன்னத்தில இடிக்கும்." புதன்கிழமை, தொலைதூரத்தைப் பார்த்தபடி, "சொக்ஸ் மாட்டினால் நல்லது." அந்தச் சொக்ஸ்தான் அவரை விழுத்தியது. அனுபவப்பட்டவனுக்கு மட்டுமே இப்படியொரு விஷயம் தெரியும் என்று நினைத்திருக்க வேண்டும். செய்தி பரவி, என்னோடு வேலை செய்தவர்கள் என் தள்ளுவண்டிக்கு வழிவிட ஆரம்பித்தார்கள். நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன் என்பதை மறைப்பதில் பிரயோசனமில்லை.

றெஜான் துவக்கை வாங்கிவிட்டார். "சனிக்கிழமை கிளப்புக்கு வா. விருந்தாளியா, எனக்குப் பக்கத்தில நிண்டு சுடலாம், சட்டத்தில இடமிருக்கு. சுட்டுப்போட்டுப் பகல் ஷிப்டைப் பற்றியும் கதைப்பம்."

வீட்டில் சொன்னேன். ஜெசிந்தா கையில் கரண்டியோடு திரும்பினாள்.

"விசரே உங்களுக்கு? சிற்றிசனுக்குப் பேப்பர் போட்டுக் கிடக்கு. துவக்கோட நிண்டவர் எண்டு ஆரும் அறிவிச்சா?"

"சட்டப்படி கிளப்பிலதானப்பா. சும்மா ஒரு மரியாதைக்கு…"

"வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழ போற ஆள் நீங்கள். போன கனடா டேக்கு வாணவேடிக்கை விட, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போய்க் குளியலறைக்குள்ள இருந்தனீங்கள்."

குளிர்சாதனப் பெட்டியில் இருந்த உருளைக்கிழங்கைக் கையால் காட்டினேன். அவளும் பார்த்தாள். "கவனமாப் போட்டு வாங்கோ" என்றாள்.

கிளப் வடக்கே, லவாலுக்கும் அப்பால், மரங்களுக்கு நடுவில் இருந்தது. கூரைக்குக் கீழே நாலைந்து மேசைகள், எதிரே இலக்குகள், அதற்குப் பின்னால் மண்மேடு. பொறுப்பாக இருந்தவர் ஜினெத் என்ற ஓர் அம்மா. அறுபது வயது இருக்கும். கழுத்தில் விசில், கையில் கோப்பி, முகத்தில் யாரையும் பிடிக்காத ஒரு பொதுநிலை. விதிகளை எனக்கு மெதுவாகச் சொன்னார். விசில் ஊதினால் துவக்கை மேசையில் வைத்துவிட்டுப் பின்னுக்குப் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான். றெஜான் என்னைக் காட்டி, "இவர் அனுபவசாலி" என்றார். ஜினெத் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கோப்பியைக் குடித்தார்.

றெஜான் பையைத் திறந்து, மடித்தபடி கிடந்த துவக்கை எடுத்து மேசையில் வைத்தார். பின்குழாயில் சாம்பல் நிறக் கம்பளிச் சொக்ஸ், அழகாகத் தைத்து மாட்டியிருந்தது.

"பிரிச்சுக் காட்டு" என்றார்.

ஒரு விநாடி வேலை என்று எழுதியிருந்தார்களே. இழுத்தேன். வரவில்லை. மற்றப் பக்கம் இழுத்தேன். திருகிப் பார்த்தேன். பலாப்பழத்தை வெறுங்கையால் பிளக்கிறவன் போல நின்று மல்லாடினேன். எங்கேயோ 'டக்' என்றது. பிரிந்தது துவக்கு அல்ல, என் சுட்டுவிரல் தோல். "விரல் கவனம்" என்றார் றெஜான் மிகுந்த மரியாதையோடு, என் வசனத்தையே எனக்கு.

ஜினெத் வந்தார். கோப்பியைக் கீழே வைக்கவில்லை. மற்றக் கையால் மேசையில் வைத்தே ஏதோ ஒன்றை அமத்தித் தூக்கினார். துவக்கு நீண்டு நின்றது. போய்விட்டார்.

"நீ முதல்ல சுடு" என்றார் றெஜான்.

காதுமூடியை மாட்டினேன். எடுத்துப் பிடித்தேன். அது உண்மையிலேயே பாரம் இல்லாதது. அந்த ஒரு விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை. சொக்ஸில் கன்னத்தை வைத்தேன். கண்ணை மூடி (இரண்டையும்), யேசுவே என்று ஒரு குண்டைச் சுட்டேன். சொக்ஸையும் மீறி ஓர் அறை விழுந்தது. கண்ணைத் திறந்தபோது இலக்கில் கீறல்கூட இல்லை. எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. மண்மேடு பெரியது, அது தாங்கிக்கொண்டது.

அந்த நேரம் விசில் ஊதியது.

காரணம் ஒரு மார்மொட். பெருச்சாளிக்கும் கீரிக்கும் நடுவில் ஒரு கொழுத்த பிராணி. மண்மேட்டடியில் வளையில் இருந்து வெளியே வந்து உலாவப் புறப்பட்டிருக்கிறது. அங்கே அது வழக்கமாம். எல்லோரும் துவக்குகளை வைத்துவிட்டு, பின்னுக்குப் போய்க் கதைக்கத் தொடங்கினார்கள்.

நானும் துவக்கை வைத்தேன். அதன் பிறகு நடந்ததற்கு என் மூளை பொறுப்பல்ல. உடம்பு தன்பாட்டில் செய்தது. மூன்று அடி பின்னால் வந்தேன். முழங்காலில் இருந்தேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினேன். ஊரில், சோதனைச் சாவடியில் விசில் ஊத, பஸ்ஸில் இருந்து இறங்கி வரிசையில் நின்ற காலத்தில் அடையாள அட்டை வலது கையில், படம் வெளிப்பக்கம் தெரிய இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடி. ஆகவே என் வலது கையில் ஓர் அட்டையும் இருந்தது. எப்போது பேர்ஸில் இருந்து எடுத்தேன் என்று தெரியாது. சூரியன் மறைகிற படம் போட்ட, கெபெக் அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை.

நாலு வேட்டைக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். எதிரே மண்மேட்டில் அந்த மார்மொட்டும் என்ன சத்தம் என்று பார்க்கப் பின்னங்காலில் எழுந்து, முன்னங்கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆக அந்த மைதானத்தில் இரண்டு பேர் ஒரே மாதிரி நின்றோம். அதனிடம் அட்டை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜினெத் வந்து எனக்கு முன்னால் நின்றார். என் கையில் இருந்த அட்டையை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கி, முன்பக்கத்தை நிதானமாக வாசித்தார். திருப்பித் தந்தார்.

"ஒக்தோபரில முடியுது" என்றார். "மறக்காமல் புதுப்பி."

பிறகு என் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்து எழுப்பிவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

திரும்பி வரும்போது காரில் பாலத்தைக் கடந்தோம். பிறகு நானே எல்லாவற்றையும் சொன்னேன். நூல்நிலையம், ஒரு மணி நேரக் கணினி, மற்றவர்களின் அபிப்பிராயங்கள், சொக்ஸ்.

"சொக்ஸும் உன்ரை இல்லையோ?" என்றார் றெஜான். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

"இல்லை."

"என்ர அம்மா தைச்சுத் தந்தவ."

அதற்குப் பிறகு, "அப்ப ஏன் சொன்னனி?" என்று கேட்டார். பகல் ஷிப்ட் என்றேன். உருளைக்கிழங்குப் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் ஷிப்ட் பேச்சையே எடுக்காமல் ஜோன்-தலோன் மெட்ரோ நிலையத்தில் என்னை இறக்கிவிட்டார். இடம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் ஜெசிந்தா என் விரலையும் கன்னத்தையும் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். மார்மொட் வரைக்கும் பொறுத்தாள். ஜினெத் அட்டையை வாசித்த இடத்தில் குசினி நிலத்தில், அடுப்புக்குப் பக்கத்தில், உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். கடைசிப் பகுதி சிரிப்பா என்று எனக்கு நிச்சயமில்லை. நத்தலி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "அப்பா, திருப்பிச் செய்து காட்டுங்கோ" என்றாள். செய்து காட்டினேன்.

திங்கட்கிழமை றெஜான் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு விசில் கிடந்தது.

"பகல் ஷிப்டில இருபத்தெட்டுப் பேர். விசிலடிச்சால் ஒருத்தனும் திரும்பியும் பாக்கிறேல்லை. போன மாசம் ஒருத்தன், மெஷினை நிப்பாட்டு எண்டு கத்தக் கத்தக் கையை உள்ளுக்கு விட்டவன். நல்ல காலம், கையுறைதான் போனது." விசிலை என் பக்கம் தள்ளினார். "ஒரு விசிலுக்கு உன்னை மாதிரி நிக்கிறவனை நான் இதுவரைக்கும் கண்டதில்லை. பாதுகாப்புப் பொறுப்பு உனக்கு. அடுத்த கிழமை என்னோட வா."

இப்படித்தான் எனக்குப் பகல் கிடைத்தது. அந்த விசிலை இன்றைக்கும் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். தீ ஒத்திகை என்றால் ஊதுவேன். எல்லோரும் ஆடி அசைந்து வெளியே வருவார்கள். ஒருவரும் கையைத் தூக்குவதில்லை. நல்ல விஷயம்தான்.

அந்த இணையப் பக்கத்தில் நானும் ஓர் அபிப்பிராயம் எழுதினேன், கடன் தீர்க்கிற மாதிரி. "பாரம் இல்லாதது. ஒரு விநாடியில் மடிகிறது. நான் அதைவிட வேகமாக மடிந்தேன்." பயனுள்ளது என்று இரண்டு பேர் அடையாளம் இட்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் முடிவுத் திகதி என்ற சொல்லே இப்போது இல்லை. அதற்குப் பெயர் ஜினெத். "பாலுக்கு ஜினெத் எப்ப?" என்று கேட்போம். யூனிவர்சிட்டி போகிற நத்தலி, "அப்பா, என்ர பாஸ்போட்டுக்கு ஜினெத் வருது" என்று செய்தி அனுப்புகிறாள். (அந்த ஒக்தோபரில் நான் அட்டையைப் புதுப்பிக்க மறந்துபோனேன் என்பதையும் பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.)

குளிர்சாதனப் பெட்டியை மூன்று தடவை மாற்றிவிட்டோம். கதவில் இரண்டு படங்கள் மட்டும் மாறவில்லை. ஒன்றில் உருளைக்கிழங்கு. மற்றது, நான் பகலுக்கு மாறிய பிறகு நத்தலி வரைந்தது. அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் இரண்டு கைகளையும் தூக்கியபடி நிற்கிறார். வலது கையில் சதுரமாக ஏதோ ஒன்று.

புதிதாக வருகிற விருந்தாளிகள் அதைப் பார்த்து, "என்ன, அண்ணை டான்ஸ் ஆடுறாரோ?" என்று கேட்பார்கள்.

ஜெசிந்தா தேத்தண்ணி ஊற்றியபடி, தலையைத் திருப்பாமல் சொல்வாள்: "இல்லை. பகல் ஷிப்ட் எடுக்கிறார்."