'நிறுத்து' கட்டளைக்கு நான் வைத்த புதுப் பெயர்

நான் கெடுத்த வேலைகளில் பெரும்பாலானவை அதற்கு முன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை. அவற்றில் ஒன்றை மட்டும் என்னால் இன்னும் சும்மா சிரித்துக் கடக்க முடியவில்லை.

கொழும்புக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. டிக்கோயாவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசையான எங்கள் லயத்து வீட்டிலிருந்தே செய்தேன். மற்ற மென்பொருள்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனி அறைகளில் வைத்து ஓட்டுவதும் நிறுத்துவதும் எங்கள் மென்பொருளின் வேலை. (நான் துறைமுகத்துக்கு வேலை செய்வதாகவே பக்கத்து வீடுகளில் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள்.) ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிற வாரம் அது. வேலை நிரந்தரமானதும் அம்மா கொழுந்தெடுக்கப் போவதை விட்டுவிடுவதாகப் பேச்சு. மலை ஏறி ஏறி அவரது முழங்கால் தேய்ந்திருந்தது.

அந்த மென்பொருளின் ஒரு பகுதி இன்னொன்றைக் கூப்பிட ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. இடைமுகம் என்பார்கள். பெயர்கள் ஆளுக்கொரு விதமாக இருப்பது என் கண்ணை உறுத்தியது. எல்லாவற்றையும் மாற்றினேன் (யாரும் கேட்கவில்லை). 'நிறுத்து' கட்டளைக்கும் புதுப் பெயர் வைத்தேன். பட்டியல் மாறினால் கூப்பிடும் பக்கத்தையும் கேட்கும் பக்கத்தையும் பில்ட் கருவி புதிதாகக் கட்டித்தர வேண்டும். அது மெதுவாக இருக்கிறதென்று, மாறாததைத் திரும்பக் கட்டாதே என அதையும் நான் முன்பே திருத்தியிருந்தேன். என் கெட்டித்தனத்தால், கேட்கும் பக்கம் மாறவில்லை என்று அது நம்பிவிட்டது. சோதனைகளுக்கும் பழைய முடிவையே காட்டியது. எல்லாம் சரி என்று திரை முழுக்கப் பச்சை.

மறுநாள் காலை வீடியோ கூட்டத்தில் எட்டுப் பேர் முன்னால், கொழும்பில் எல்லோருக்கும் பொதுவான மெஷினில் ஓட்டிக் காட்டினேன். கண்டெய்னர்கள் ஓடின. நிறுத்தச் சொன்னேன். கேட்கும் பக்கத்துக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. பதில் வராததால், கண்டெய்னர் செத்துவிட்டதாக நினைத்து என் நிரல் இன்னொன்றைத் தொடங்கியது. பிறகு இன்னொன்றை.

"மாலினி, நிப்பாட்டுங்க" என்றார் எங்கள் குழுத் தலைவர் நிரோஷன்.

"நிக்க மாட்டேங்குதுங்க அண்ணா."

"அது எல்லாரும் பாவிக்கிற மெஷின். உடனே நிப்பாட்டுங்க."

கால்வலியால் அன்று வீட்டிலிருந்த அம்மா இதைக் கேட்டுவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தார்.

"நிப்பாட்டிட்டேன் புள்ள, பயப்புடாத."

லேப்டாப்புக்கு பேட்டரி இருந்தது. அணைந்தது ரவுட்டர் மட்டும்தான். நான் கூட்டத்தை விட்டு ஓடிவிட்டதாகக் கொழும்பில் நினைத்தார்கள். திரும்ப இணைவதற்குள், கண்டெய்னர்களைத் தவிர அங்கே எல்லாம் நின்றிருந்தன.

தகுதிகாண் காலத்தை மூன்று மாதம் நீட்டினார்கள். அம்மாவிடம் நடந்ததை விளக்கினேன்.

"அப்ப ஒரு பக்கம் புதுப் பேரு, மத்தப் பக்கம் பழைய பேரா?"

"ஆமா."

"அரைப் பேரு போட்டுருக்க."

தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் முழு நாள் வேலையை அரை நாளாகப் பதிவார்கள். அதற்குப் பெயர் அரைப் பேர். அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு வெட்கமில்லாமல் அழுதேன். மறுநாள் விடிந்ததும் அவர் மலைக்குப் போய்விட்டார்.

இப்போது என் வேலை நிரந்தரம். அம்மா வீட்டில் இருக்கிறார். நான் எதை முடித்தேன் என்று சொன்னாலும், சோறு வடித்ததைச் சொன்னால்கூட, தம்பி கேட்பான்: "முழுப் பேரா, அரைப் பேராக்கா?" வீடே சிரிக்கும்.

அந்த மூன்று மாதத்தில் அம்மா ஒரு நாள்கூட அரைப் பேர் வாங்கவில்லை. அதை மட்டும் நாங்கள் யாரும் சொல்வதில்லை.